அரம் பெயர்த்த நகங்கள்

கடையில் அவளை எல்லோரும் அரம் என்றுதான் கூப்பிட்டார்கள். இரும்பை ராவுகிற அரம் மாதிரிக் கை, அதைவிடச் சொரசொரப்பான வாய். வாடிக்கைக்காரி ஒருத்தி வலியில் கையை உதறிக்கொண்டு, “இது கையா, அரமா?” என்று கேட்டாள். பெயர் அன்றைக்கே ஒட்டிக்கொண்டது. கோபித்துக்கொள்வாள் என்று பார்த்தால், அவளுக்கு அதில் உள்ளூரப் பெருமைதான்.

கைபேசி பழுதுபார்க்கும் கடைக்கும் சாவி வெட்டுகிறவரின் பெட்டிக்கடைக்கும் நடுவில், ரயில் பெட்டி போல நீளமான ஓர் அறை. அதுதான் பெண்களுக்குச் செயற்கை நகம் ஒட்டிவிடுகிற நகக் கடை. வரிசையாக நான்கு மேஜை, ஒவ்வொன்றிலும் கழுத்தை வளைத்த ஒரு விளக்கு, பெயருக்குச் சுற்றுகிற ஒரு விசிறி. மேஜையைத் துடைத்துவிட்டுத் திரும்புவதற்குள் மாவு சலித்த மாதிரி நகத்தூள் படிந்துவிடும். அந்தத் தூள் ஏறி ஏறிப் பக்கத்து மேஜைக்காரி ஓயாமல் தும்முவாள். அதனால் அவள் பெயர் தும்மல். முதலாளிக்கு மட்டும் பட்டப்பெயர் கிடையாது. அவள் மேடம். பட்டப்பெயர் வைக்க யாருக்கும் தைரியம் வரவில்லை.

அரத்தின் அப்பா லேத் பட்டறையில் வேலை பார்த்தவர். இரும்பின் மேல் காட்ட முடியாத கோபத்தை வீட்டுக்குக் கொண்டுவருவார். அவர் அடிக்கு ஒரு சட்டம் இருந்தது: அழக்கூடாது. அழுதால், அழுததற்குத் தனியாக விழும். “பல்லைக் கடிச்சிக்கோ” என்பதுதான் அம்மா அவளுக்குச் சொல்லிக்கொடுத்த ஒரே தற்காப்பு. வளர்ந்ததும் கோழி வெட்டும் ஆலையில் சேர்ந்தாள். கொக்கியில் தலைகீழாகத் தொங்கிக்கொண்டு வரிசையாக நகர்ந்து வரும் கோழிகளின் தொடையை ஒரே திருகில் கழற்றிப் போடுவாள். கட்டியவன் ஒருநாள் அவளிடம் கை ஓங்கினான். ஓங்கிய கை கீழே இறங்குவதற்குள் இரும்புக் கரண்டியால் அவன் மணிக்கட்டில் ஒன்று போட்டாள். எலும்பு முறிந்த சத்தம் பக்கத்து வீட்டுக்குக் கேட்டதாம். கட்டுப் போடப் போனவன் அப்படியே போய்விட்டான். விட்டது சனியன் என்று அவளும் மகளை இடுப்பில் தூக்கி வைத்துக்கொண்டு ஊர் மாறினாள்.

அந்த மகளை மட்டும் அவள் ஒருநாளும் அடித்ததில்லை. விளையாட்டுக்குக்கூட ஒரு தட்டுத் தட்டியதில்லை. அவள் வாழ்க்கையில் மார்தட்டிக்கொள்ள இருந்தது அது ஒன்றுதான்.

நகவேலை கற்றுக்கொடுத்தது மேடம். பாடம் சுருக்கமானது. சொந்த நகத்தின் பளபளப்பு போகும்வரை மெஷினால் ராவு. சொரசொரப்பு இருந்தால்தான் ஒட்டு நகம் பிடிக்கும். பொடியையும் திரவத்தையும் குழைத்துப் பூசு. காய்ந்ததும் வடிவம் கொடு. அடுத்த ஆளைக் கூப்பிடு. எவ்வளவு தூரம் ராவுவது என்று மேடம் சொல்லவில்லை, அரமும் கேட்கவில்லை. அடிச்சதை சிவந்து தெரியும்வரை ராவுவாள். “ஐயோ, சுடுது” என்று வந்தவள் கையை இழுத்தால் விரலை இன்னும் இறுக்கிப் பிடித்து, “ஒரு நிமிஷம் பல்லைக் கடிச்சிக்கோ” என்பாள்.

கழற்றுவதில் இன்னும் மோசம். ஒட்டு நகத்தை, பூச்சைக் கரைக்கிற அசிட்டோனில் ஊறவைத்து, இளகும்வரை காத்திருந்து, பொறுமையாகத் துடைத்தெடுக்க வேண்டும். காத்திருந்தால் வரிசை நீளும். வரிசை நீண்டால் மேடத்தின் முகம் நீளும். அரம் தட்டையான ஒரு பிளாஸ்டிக் நகத்தை அடியில் செருகி ஒரே நெம்பு நெம்புவாள். டக். கோழித் தொடை கழன்ற மாதிரி. சொந்த நகத்தின் மேலடுக்கும் தாள் கிழிவதுபோல் கூடவே உரிந்து வரும். சிலருக்கு நகக்கண்ணில் ரத்தம் கசியும். பஞ்சை அழுத்தி, அதன்மேல் புது நகத்தை ஒட்டி, மினுமினுப்பு பூசிவிட்டால் யாருக்குத் தெரியப்போகிறது?

இப்படியே ஓடிக்கொண்டிருந்த நாளில், பொடியோடு குழைக்கிற திரவத்தை மேடம் மாற்றினாள். இதுவரை சின்னப் புட்டிகளில் வந்தது போய், மேலே ஒரு எழுத்தும் இல்லாத நீலக் கேன் வந்து இறங்கியது. மூடியைத் திருகியதும் நெடி மண்டைக்குள் ஆணி அடித்தது.

தும்மல் மூக்கைப் பொத்தினாள். “என்ன மேடம் இது? பெயிண்ட் குடோன் மாதிரி நாறுது.”

“நாறினா நாறட்டும். ஒட்டினா கல்லு மாதிரி நிக்கும். உனக்கு வேலை வேணுமா, வாசனை வேணுமா?”

கல் மாதிரியேதான் நின்றது. எவ்வளவு ஊறினாலும் இளகவில்லை. எங்கேயாவது இடித்தால் ஒட்டு நகம் ஒடியவும் இல்லை. அடியில் இருந்த சொந்த நகத்தை இழுத்துக்கொண்டு பெயர்ந்தது. பச்சை படிந்த நகங்களோடும் சீழ் கட்டிய விரல்களோடும் பெண்கள் திரும்பி வந்தார்கள். அரத்தின் விரல் நுனிகளே பாளம் பாளமாக வெடித்தன. பிளாஸ்திரி சுற்றிக்கொண்டு வேலையைப் பார்த்தாள்.

“அக்கா, ஒண்ணு கவனிச்சியா?” என்றாள் தும்மல் ஒருநாள். “மேடம் நகத்துக்கு நான்தானே போடறேன், திரைக்குப் பின்னாடி? அவங்களுக்கு இந்தக் கேன் கிடையாது. கைப்பையில இருந்து அந்தப் பழைய புட்டியை எடுத்துத் தர்றாங்க.”

“அவங்க முதலாளிடி. அவங்க உக்கார்ற நாற்காலியும்தான் வேற. போய் தும்மு, போ.”

சொல்லிவிட்டாளே தவிர, அது அவள் மனசில் முள்ளாகத் தங்கிவிட்டது.

அந்த வாரம் பஸ் ஓட்டுகிற பெண் ஒருத்தி வந்தாள். வாசலை அடைக்கிற தோள், தெருமுனைக்குக் கேட்கிற குரல். இங்கே ஒட்டிய நகம் ஸ்டியரிங் பிடிக்க இடைஞ்சலாக இருக்கிறது, எல்லாவற்றையும் எடுத்துவிடு என்று கையை மேஜைமேல் வைத்தாள். அரம் செருகினாள், நெம்பினாள். அசையவில்லை. நாற்காலியைத் தள்ளிவிட்டு எழுந்து, தோளின் பலத்தையும் சேர்த்து ஒரு நெம்பு நெம்பினாள். ஒட்டு நகம் வந்தது. பஸ்காரியின் ஆள்காட்டி விரலில் இருந்த சொந்த நகமும் அதோடு வேரோடு வந்தது.

ரத்தம் விளக்கில் தெறித்தது. நகம் இருந்த இடத்தில் தோலுரித்த சிவப்பு துடித்தது. பஸ்காரி போட்ட அலறலில் சாவிக் கடைக்காரர் எட்டிப்பார்த்தார். அடுத்த நொடி அவளுடைய இடது கை அரத்தின் கன்னத்தில் இறங்கியது. அரத்துக்குக் கண்ணுக்குள் மின்னல் அடித்தது. வளர்ந்த பிறகு அடி வாங்கிக்கொண்டு சும்மா இருந்து அவளுக்குப் பழக்கமில்லை. பஸ்காரியின் தலைமுடியைப் பிடித்து இழுத்தாள். இருவரும் மேஜையோடு சாய்ந்தார்கள். அசிட்டோன் கிண்ணம் கவிழ்ந்து திறந்த சதையில் பட்டதும் பஸ்காரி போட்ட சத்தம் மனுஷக் குரலாகவே இல்லை. மேடமும் தும்மலும் பிரித்துவிட்டார்கள். விரலில் பஞ்சைச் சுற்றி, வாசல்வரை தள்ளிக்கொண்டு போய் மேடம் கதவைச் சாத்தினாள்.

சில நாளில் பஸ்காரி திரும்பி வந்தாள். விரல் கத்தரிக்காய் மாதிரி வீங்கிக் கட்டுக்குள் கிடந்தது.

“டாக்டர் விரலைக் கிழிச்சு சீழ் எடுத்தார். கை தேறுற வரைக்கும் பஸ்ஸைத் தொடக்கூடாதுன்னு டிப்போவில சொல்லிட்டாங்க. இதுக்கு யார் பதில் சொல்றது?”

மேடம் குரலை உயர்த்தவே இல்லை. “வரும்போதே உங்க விரல் அப்படித்தானேம்மா இருந்துச்சு. வேணும்னா இவளையே கேளுங்க.”

எல்லோரும் அரத்தைப் பார்த்தார்கள். கன்னத்தில் வாங்கிய அறை அவளுக்கு இன்னும் எரிந்துகொண்டிருந்தது.

“ஆமா,” என்றாள். “முன்னாடியே அழுகித்தான் இருந்துச்சு.”

பஸ்காரி அவளை ஒரு கணம் பார்த்தாள். பிறகு பக்கத்தில் இருந்த முக்காலியை ஒற்றைக் கையால் தூக்கிச் சுவர்க் கண்ணாடியில் அடித்தாள். கண்ணாடி மொத்தமும் பொலபொலவென்று சரிந்தது. யாரையும் திரும்பிப் பார்க்காமல் சில்லுகளை மிதித்துக்கொண்டு வெளியேறினாள்.

அரத்தின் மகள் பள்ளியில் கடைசி வருஷம் படித்தாள். அம்மாவின் உயரம், அம்மாவின் பிடிவாதம். வாய் மட்டும் அமைதி. வகுப்பு சேர்ந்து போட்டோ எடுக்கிற நாள் வந்தது.

“எல்லாரும் நகம் வெச்சுக்கிட்டு வர்றாங்கம்மா. நீ ஊருக்கெல்லாம் போடற. எனக்குப் போட மாட்டியா?”

“உனக்கு இல்லாததாடி?” என்றாள் அரம். ஞாயிற்றுக்கிழமை மேடம் கடையில் இல்லாத நேரத்தில் மகளை உட்காரவைத்து, எவளுக்கும் போடாத அக்கறையோடு போட்டாள். ராவும்போது மகள் உதட்டைக் கடித்தாள், கையை இழுக்கவில்லை. அரத்துக்கு அதில் பெருமைகூட. பழைய புட்டி மேடத்தின் கைப்பையில். கடையில் இருந்தது கேன்தான்.

போட்டோ எடுத்த மறுநாள் பள்ளி மைதானத்தில் கைப்பந்து ஆடினார்கள். வலைக்கு அந்தப் பக்கமிருந்து ஒருத்தி ஓங்கி அடித்த பந்தைத் தடுக்கக் கையை நீட்டினாள் மகள். பந்து விரல் நுனியில் மோதியது. சாதாரண ஒட்டு நகமாக இருந்தால் ஒடிந்திருக்கும்.

அரம் ஆஸ்பத்திரிக்கு ஓடியபோது மகள் கட்டிலின் விளிம்பில் உட்கார்ந்திருந்தாள். நடுவிரலில் நகம் இல்லை. சட்டையின் முன்பக்கம் முழுக்க ரத்தம். நக வேரில் கிழிந்த சதையைத் தைக்க வேண்டும் என்று டாக்டர் ஊசியைத் தயார்செய்துகொண்டிருந்தார்.

“யாரும்மா இந்த நகத்தைப் போட்டது? பெயர்ந்து வந்ததுல அடி நகமே தாள் மாதிரி இருக்கு, அவ்வளவு ராவி வெச்சிருக்காங்க.”

“எங்கம்மாதான் டாக்டர்,” என்றாள் மகள். “அம்மா நல்லாத்தான் போட்டாங்க. பந்துதான் வேகமா வந்துடுச்சு.”

மரத்துப்போவதற்கான ஊசி நேராகக் காயத்தின் ஓரத்தில் இறங்கியது. மகளின் உடம்பு வில்லாக விறைத்தது. கழுத்து நரம்பு புடைத்தது. சத்தம் மட்டும் வரவில்லை. தாடையை இறுக்கிப் பல்லைக் கடித்துக்கொண்டு, கண்ணில் ஒரு சொட்டு இல்லாமல் சுவரைப் பார்த்தாள். அந்த முகத்தை அரத்துக்குத் தெரியும். சின்ன வயசில் பட்டறைக்கார அப்பாவின் வீட்டில், கைகழுவும் இடத்துக் கண்ணாடியில் பார்த்த முகம் அது. ஒருநாளும் அடிக்காத பிள்ளைக்கு இது எங்கிருந்து வந்தது?

“கத்துடி,” என்றாள் அரம். “பல்லைக் கடிக்காத பாப்பா. வலிக்குதுன்னு கத்து.”

மகள் அவளைப் புரியாமல் பார்த்தாள். பிறகு வாயைத் திறந்தாள். அந்த அலறல் கூடம் முழுக்கப் பாய்ந்தது. டாக்டர் ஊசியை எடுத்துவிட்டார், அவள் நிறுத்தவில்லை. அரம் அவள் தலையை வயிற்றோடு சேர்த்து அணைத்துக்கொண்டு தானும் அழுதாள்.

மற்ற விரல்களில் கல் மாதிரி ஒட்டு நகம் அப்படியே இருந்தது. வீட்டுக்கு வந்ததும், “எல்லாத்தையும் எடுத்துடும்மா” என்று மகள் கையை நீட்டினாள். அரம் பழக்கத்தில், நெம்புகிற பிளாஸ்டிக் நகத்தைக் கையில் எடுத்துவிட்டாள். எத்தனையோ பெண்களின் கையைக் கோழிக்கால் மாதிரிப் பிடித்த கை அது. இப்போது சொந்த மகளின் சுண்டுவிரலைப் பிடிக்க முடியவில்லை. பிளாஸ்டிக் நகத்தைத் தூக்கி எறிந்தாள். நீளத்தை நறுக்கிவிட்டு, மெஷின் இல்லாமல் சாதாரணக் கை அரத்தால் மெல்ல மெல்லத் தேய்த்தாள். அடி நகத்தைத் தொடாமல் மெல்லிய படலத்தை விட்டுவைத்தாள். அது வளர்ந்துதான் வெளியேற வேண்டும். ஒவ்வொரு தேய்ப்புக்கும் “வலிக்குதா?” என்று கேட்டாள். இத்தனை வருஷத்தில் அந்தக் கேள்வியை அவள் யாரிடமும் கேட்டதில்லை. கேட்கக் கேட்க, கையை இழுத்தவர்கள், கண் கலங்கியவர்கள், பஞ்சைச் சுற்றிக்கொண்டு தலைகுனிந்து போனவர்கள் எல்லோரும் எதிரில் வந்து உட்கார்ந்தார்கள்.

மறுநாள் கடை திறந்ததும் நேராகப் பின்பக்கம் போய்க் கேனைத் தூக்கினாள். அது கனத்தது. தரையில் தரதரவென்று இழுத்துக்கொண்டு வந்தாள்.

“எங்கே எடுத்துட்டுப் போற?” மேடம் வழியை மறித்தாள்.

“இதுல என்ன இருக்குன்னு பாக்கத் தெரிஞ்சவங்ககிட்ட.”

“வெச்சிடு. உன் பொண்ணு விஷயம் கேள்விப்பட்டேன். பாவம்தான். அதுக்குக் கடையில திருடி ஓசியில போட்டா இப்படித்தான் ஆகும்.”

அரம் கேனை விட்டுவிட்டு மேடத்தைச் சுவரோடு தள்ளினாள். மேடமும் லேசுப்பட்டவள் இல்லை. மேஜையிலிருந்த நகம் நறுக்கும் கத்தரியை எடுத்து அரத்தின் முன்கையில் குத்தினாள். கத்தரி சதையில் நின்றது. அரம் அதைப் பிடுங்கி எறிந்தாள். வழிந்த ரத்தத்தோடு மேடத்தின் கழுத்தைப் பிடித்து நாற்காலியில் அழுத்தினாள். அவள் கையை இழுத்து விளக்குக்குக் கீழே வைத்து முழங்கையால் அமுக்கினாள்.

“பல்லைக் கடிச்சிக்கோங்க மேடம்!”

“வேண்டாம்க்கா! விட்டுடுக்கா!” தும்மல் பின்னாலிருந்து இடுப்பைப் பிடித்து இழுத்தாள்.

மேடத்தின் நீளமான கட்டைவிரல் நகத்தைப் பிடித்து அரம் முழு பலத்தோடு கீழே வளைத்தாள். டக். ஒட்டு நகம் பாதியில் சுத்தமாக ஒடிந்து தெறித்தது. சொந்த நகம் அப்படியே இருந்தது. ஒரு சொட்டு ரத்தம் இல்லை. மேடம் மட்டும் உயிர் போகிற மாதிரிக் கத்திக்கொண்டிருந்தாள்.

அரத்தின் பிடி தளர்ந்தது. ஒடிந்த துண்டை எடுத்துத் தும்மலிடம் காட்டினாள்.

“பாத்தியா? ஒடியுது. இது ஒடியுதுடி.”

அதற்குள் மேடம் எழுந்து, விளக்கைப் பிடுங்கி அவள் மண்டையில் அடித்தாள். புருவம் பிளந்தது. சாவிக் கடைக்காரர் போலீஸுக்குச் சொல்லியிருந்தார். அவர்கள் வரும்போது தரை வழுக்குகிற அளவுக்கு ரத்தம் கிடந்தது, அத்தனையும் அரத்துடையது.

அடித்தது அடித்ததுதான் என்று அவள்மேல் வழக்குப் போட்டு, எச்சரித்து, அபராதத்தோடு விட்டார்கள். வேலை போயிற்று. வெளியே வந்த கையோடு பஸ்காரியின் வீட்டை விசாரித்துக்கொண்டு போனாள். அடுக்குமாடியின் கீழ்த்தளத்தில், கொடியில் சீருடை காய்ந்துகொண்டிருந்த வீடு. கதவைத் திறந்தவள் புருவத்துத் தையலைப் பார்த்தாள்.

“அது நான் போட்டது இல்லையே?”

“இல்லைக்கா. இது மேடம்.” அரம் அவள் விரலைக் காட்டினாள். “உங்க விரல் நல்லாத்தான் இருந்துச்சு. நான்தான் பெயர்த்தேன். அன்னைக்குப் பொய் சொன்னேன்.”

பஸ்காரி ஓங்கி ஓர் அறை விட்டாள். அரம் நிலைப்படியில் போய் விழுந்தாள். இந்தமுறை திருப்பி அடிக்கவில்லை. பஸ்காரி மூச்சு வாங்க நின்றாள். பிறகு அவள் கையைப் பிடித்துத் தூக்கி உள்ளே உட்காரவைத்து, தண்ணீர் கொடுத்தாள்.

“குடி. குடிச்சிட்டு முதல்ல இருந்து சொல்லு. ஒண்ணையும் முழுங்காத.”

சுகாதாரத் துறைக்குப் புகார் போனது. கேனைச் சோதித்து, நகத்துக்குப் போடவே கூடாத திரவம் என்று கண்டுபிடித்துக் கடைக்குப் பூட்டுப் போட்டார்கள். பூட்டு துருப்பிடிப்பதற்குள் மேடம் கொழுந்தனின் பெயரில் வேறு தெருவில் புதுக் கடை திறந்துவிட்டாள். தும்மல் அங்கே போகவில்லை. துணிக்கடையில் சேர்ந்தாள், தும்மல் நின்றது. மகளுக்கு நகம் முளைத்தது, நடுவில் ஒரு பள்ளக்கோட்டோடு. அரத்தின் விரல்கள் அந்தத் திரவத்தின் வாடை பட்டாலே கொப்பளித்தன. இனி அந்த வேலையே ஆகாது என்று டாக்டர் சொல்லிவிட்டார். பஸ்காரி சொல்லி, டிப்போவில் பஸ் கழுவுகிற வேலை கிடைத்தது. இருவரும் பார்க்கும்போதெல்லாம் சண்டை பிடிப்பார்கள். தன் பஸ்ஸின் பின்கண்ணாடியில் அழுக்குப் போகவில்லை என்று அவள் கத்துவாள். கண் சரியில்லாதவளிடம் ஊர் உயிரைக் கொடுத்திருக்கிறதே என்று இவள் கத்துவாள்.

பஸ்காரி மேடத்தின்மேல் போட்ட நஷ்டஈட்டு வழக்கு இழுத்தடித்துக் கடைசியில் விசாரணைக்கு வந்தது. சாட்சிக் கூண்டில் அரம் ஏறினாள். மேடத்தின் வக்கீல் நல்ல உயரம், நல்ல குரல்.

“இந்தம்மா விரல்ல நகத்தைப் பெயர்த்தது யார்?”

“நான்.”

“மேடம் உங்க கையைப் பிடிச்சுப் பெயர்க்கச் சொன்னாங்களா?”

“இல்லை. சீக்கிரம் முடின்னு சொன்னாங்க. பெயர்த்தது என் கை.”

“இதே மாதிரி இன்னும் எத்தனை பேருக்குப் பெயர்த்திருக்கீங்க?”

அரம் கூண்டின் விளிம்பைப் பிடித்தாள். முன்வரிசையில் மகள் உட்கார்ந்திருந்தாள்.

“கணக்குத் தெரியாதுங்க. வந்தவங்க எல்லாருக்கும்.”

வக்கீல் நீதிபதியைப் பார்த்துச் சிரித்தார். “அப்போ குற்றவாளி கூண்டிலேயே நிக்கிறாங்க.”

“ஆமாங்க,” என்றாள் அரம். “என்னையும் சேர்த்து எழுதிக்கச் சொல்லுங்க. ஆனா அந்தக் கேனை நான் வாங்கலை. தன் நகத்துக்கு வேற புட்டி வெச்சிருந்ததும் நான் இல்லை. அதையும் எழுதிக்கச் சொல்லுங்க.”

நீதிபதி பேனாவை எடுத்தார். மேடம் நீள நகம் வைத்த கைகளை மேஜைக்கு அடியில் இழுத்துக்கொண்டாள்.